அடுத்த காம்பரா அடுப்பும் என் ஜெபமும்

“காயிதத்துல குசினி கட்டப் போறாளாம், கேட்டீங்களா!”

அடுத்த காம்பராவில் இருந்த ராசம்மா அக்கா ஒரு நாள் தன் கணவரிடம் இப்படிச் சொன்னார். சொன்னது அவரிடம்தான் என்றாலும் எனக்குக் கேட்க வேண்டும் என்றே சொன்னார். ஒற்றை அறைக் காம்பராக்கள் வரிசையாக ஒட்டி நிற்கும் எங்கள் லயத்தில் ஒரு வீட்டுப் பேச்சு அடுத்த வீட்டுக்குக் கேட்காமல் இருக்காது. காம்பராவுக்கும் காம்பராவுக்கும் நடுவே உள்ள சுவர் கூரை வரை போகாது. ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே வந்து நின்றுவிடும். அதற்கு மேல் தகரம் வரை திறந்த வெளிதான்.

நான் அப்போது பேனாவோடு உட்கார்ந்து, சமைக்கத் தனியாக ஒரு குசினி கட்டிக்கொள்ள அனுமதி கேட்டு, தோட்டத்துத் துரைக்கு ஆங்கிலத்தில் ஒரு மனு எழுதிக்கொண்டிருந்தேன். அது 1966ஆம் ஆண்டு ஆனி மாதம். எனக்கு வயது பதினெட்டு.

அன்று தொடங்கி ஆண்டவர் எங்கள் வீட்டுக்குச் செய்ததை நான் சபையில் எழுந்து நின்று சொல்லியிருக்கிறேன். ஆனால் சொன்னபோதெல்லாம் எனக்கு வெட்கமாக இருந்த ஒரு பகுதியை விட்டுவிட்டே சொன்னேன். இந்த முறை அதையும் சேர்த்து எழுதுகிறேன்.

எங்கள் தோட்டம் பசறைக்கு மேலே இருக்கிறது. அப்பா தேயிலைத் தொழிற்சாலையில் வேலை. அம்மாவும் அண்ணனும் மலையில். தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு முடிந்ததும் எல்லாப் பிள்ளைகளும் பெயர் பதிந்து வேலைக்குப் போனார்கள். நான் மட்டும் பதுளையில் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். ஜி.சி.ஈ. பரீட்சையும் பாஸ் பண்ணினேன். எங்கள் குடும்பத்தில் அதற்கு முன் ஐந்தாம் வகுப்பைத் தாண்டியவர் ஒருவரும் இல்லை. அந்தப் பெருமை எனக்கு நிறைய இருந்தது. ஒளிக்க விரும்பவில்லை, இன்றும் இருக்கிறது.

அந்த வருடம் அம்மாவுக்கு இழுப்பு அதிகமாகிவிட்டது. கொழுந்துக் கூடையோடு மலை ஏறி வந்தால் வாசலில் உட்கார்ந்து அரை மணி நேரம் மூச்சு வாங்குவாள். படுத்தால் நெஞ்சுக்குள் பூனை கத்துவது போலச் சத்தம் வரும். பதுளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். பெரிய டாக்டர் அம்மாவைப் பார்க்காமல் என்னைப் பார்த்துக் கேட்டார்.

“அடுப்பு எங்கே இருக்கு?”

“வீட்டுக்குள்ளதான் டாக்டர். ஒரே காம்பரா.”

“மருந்து எழுதித் தர்றேன். ஆனா புகைக்குள்ளேயே படுத்திருந்தா மருந்து என்ன செய்யும்? இப்படியே இருந்தா இந்த மார்கழிக் குளிரைத் தாங்க மாட்டாங்க.”

பஸ்ஸில் திரும்பி வரும்போது அம்மா ஜன்னல் பக்கம் தலையைச் சாய்த்துக்கொண்டு, “டாக்டர் என்ன புள்ள சொன்னாரு?” என்று கேட்டாள். “குசினி கட்டச் சொன்னாரும்மா” என்றேன். அம்மா சிரித்துவிட்டாள். “அவருக்கென்ன, சொல்லிட்டாரு. லயம் நம்ம அப்பன் வீட்டுச் சொத்தா?”

அதுதான் உண்மை. நாங்கள் பிறந்து வளர்ந்த காம்பராவில் ஒரு ஆணி அடிப்பதற்கும் எங்களுக்கு உரிமை கிடையாது. பின்னால் ஒரு குசினி இறக்க வேண்டுமென்றால் துரை அனுமதி தர வேண்டும். வழக்கமாகக் கங்காணியிடம் சொல்லி, அவர் கணக்கப்பிள்ளையிடம் சொல்லி, அந்தச் சொல் மேலே போகும் வழியிலேயே செத்துவிடும். அதனால்தான் நான் நேரே எழுதினேன்.

மனு போய் இரண்டு மாதம் ஆகியும் பதில் இல்லை. அப்பா ஒவ்வொரு நாளும், “ஆபீஸ்ல ஏதும் சொன்னாங்களா?” என்று அண்ணனிடம் கேட்பார். பிறகு கேட்பதை நிறுத்திவிட்டார். நான் மூன்று நாள் உபவாசம் இருந்தேன். “ஆண்டவரே, எங்களுக்கு ஒரு குசினி கொடும். என் அம்மாவை மார்கழிக்குத் தப்புவியும்” என்று கேட்டேன். வேறு எதுவும் கேட்கவில்லை.

ஆவணி மாதத்தில் ஒரு காலை துரை எங்கள் லயத்துப் பக்கமே வந்தார். கையில் என் மனு. “இதை எழுதினது யார்?” என்றார். அப்பா என்னைக் காட்டினார். துரை என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, காம்பராவின் பின்பக்கம் போய் மண்மேட்டைப் பார்த்தார். மழைத் தண்ணீர் ஓடும் கானை அடைக்கக் கூடாது, லயத்துச் சுவரை இடிக்கக் கூடாது, மற்றபடி கட்டிக்கொள்ளலாம் என்றார். காற்றில் விழுந்த சவுக்கு மரம் ஒன்றையும், பழைய ஸ்டோர் கூரையிலிருந்து கழற்றிய ஐந்து தகரத்தையும் எடுத்துக்கொள்ளச் சொன்னார்.

அந்த நாட்களை நினைத்தால் இன்றும் எனக்கு ஏக்கமாக இருக்கிறது. வேலை விட்டு வந்து, தேத்தண்ணீர் குடித்த கையோடு அப்பாவும் அண்ணனும் மேட்டை வெட்டுவார்கள். நான் ஒரு கொப்பித் தாளில் அளவு போட்டுப் படம் வரைந்து வைத்திருந்தேன். வீட்டில் இருந்த அளவுகோல் என் பள்ளிக்கூட அடிமட்டம் ஒன்றுதான். அதை மண்ணில் வைத்து வைத்து அளந்தேன். அண்ணன் பார்த்துப் பார்த்துச் சிரித்தான். “ஏய் டீச்சரு, இப்படி அளந்தா நத்தார் பண்டிகையே வந்துரும். தள்ளு!” என்று தன் பாதத்தால் எட்டு வைத்து அளந்துவிட்டான். பதினொரு வயதில் பள்ளிக்கூடத்தை விட்டு எனக்காக வேலைக்குப் போனவன் அவன். கடைசியில் அவன் கணக்குத்தான் சரியாக வந்தது.

சவுக்கு மரத்தில் கால் நட்டு, வரிச்சு கட்டினோம். அம்மா மண்ணை மிதிப்பேன் என்று பிடிவாதம் பிடித்தாள். பத்து மிதி மிதித்து உட்கார்ந்துவிடுவாள், மூச்சு வந்ததும் மறுபடி எழுந்திருப்பாள். முழங்கால் வரை சேறு. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பாட்டுப் பாடுவாள். அவ்வளவு சந்தோஷமாக அவளை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

நான் விட்டுவிட்டுச் சொல்லிவந்த பகுதி இங்கேதான் வருகிறது.

எங்களுடையது கோடிக் காம்பரா. ஒரு பக்கம்தான் அண்டை வீடு. நாங்கள் சுவர் எழுப்பும்போது ராசம்மா அக்கா இடுப்பில் பிள்ளையோடு வந்து நின்றார். அந்தப் பிள்ளைக்கு இரண்டு வயது, எப்போதும் மூக்கு ஒழுகிக்கொண்டிருக்கும்.

“ஒங்க கூரைத் தண்ணி எங்க பக்கந்தான விழும்? கொஞ்சம் கேட்டுக்கிட்டுச் செய்யக் கூடாதா?” என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, “எங்களுக்கும் இப்படி ஒன்னு இருந்தா நல்லாத்தான் இருக்கும்” என்றார்.

அது சண்டை இல்லை, கேள்வி என்று இப்போது எனக்குத் தெரிகிறது. அன்று என் காதில் பழைய கேலிதான் ஒலித்துக்கொண்டிருந்தது. நான் நிமிர்ந்து பார்த்து, “வேணும்னா நீங்களும் எழுதிக் கேளுங்களேன்” என்றேன்.

அவருக்கு எழுதத் தெரியாது. அது எனக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னேன்.

அவர் முகம் சுருங்கிப்போனது. திரும்பி உள்ளே போய்விட்டார். அதன் பிறகு அந்தச் சுவருக்கு மேலாக எங்கள் பக்கம் ஒரு வார்த்தை வரவில்லை. எனக்கு ஜெயித்தது போலத்தான் இருந்தது.

புரட்டாதிக் கடைசியில் குசினி முடிந்தது. போதகர் ஐயா வந்து ஜெபித்தார். புது அடுப்பில் பால் காய்ச்சினோம். பழைய அடுப்பு இருந்த மூலையை அம்மா சாணம் போட்டு மெழுகி, அங்கே தன் பாயை விரித்தாள். “இனி ராசாத்தி மாதிரித் தூங்குவேன்” என்றாள்.

மறுநாள் விடியற்காலை அம்மாவின் இருமல் என்னை எழுப்பியது. முன்பு இருந்ததை விடக் குறைவில்லை. வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்குப் போகிறவர்கள் ரொட்டி சுடும் நேரம் அது. எங்கள் அடுப்பு வெளியே, இன்னும் பற்றவைக்கவே இல்லை. ஆனால் காம்பரா முழுக்கப் புகை. நான் தலையைத் தூக்கிப் பார்த்தேன். அரைச் சுவருக்கு மேலே, தகரத்தை ஒட்டிக்கொண்டு, ராசம்மா அக்காவின் அடுப்புப் புகை எங்கள் பக்கம் இறங்கிக்கொண்டிருந்தது.

இத்தனை வருடமும் எங்கள் புகையோடு அவர்கள் புகையும் கலந்துதான் இருந்திருக்கிறது. எங்கள் அடுப்பு உள்ளே இருந்தவரை நாங்கள் அதைப் பிரித்துப் பார்க்கவில்லை. படித்த நானும் பார்க்கவில்லை. தாளில் கதவு போட்டேன், ஜன்னல் போட்டேன், அந்தத் திறந்த இடத்தை மட்டும் நினைக்கவே இல்லை.

நான் சாக்குகளை எடுத்து வந்து அந்த இடைவெளியை அடைக்கப் போனேன். அப்பா என் கையைப் பிடித்தார்.

“வேண்டாம் புள்ள.”

“ஏன்ப்பா? அம்மாவப் பாருங்க!”

“இங்கிட்டு வர்ற பொகைய அடைச்சா அது அங்கனயேதான சுத்தும்? அந்தப் பச்சப் புள்ள என்னாகும்?”

சாக்குகளைக் கீழே போட்டேன். புதுக் குசினிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். ஆண்டவரிடம் கோபித்துக்கொண்டேன். “கேட்டதைக் கொடுத்தீர், ஆனால் பிரயோஜனம் இல்லாமல் கொடுத்தீரே” என்றேன். ஐப்பசி பிறக்கப்போகிறது. மார்கழிக்கு இரண்டு மாதம்தான். இனி எதைக் கட்டுவது?

வெகுநேரம் முழங்காலில் இருந்தேன். எந்தச் சத்தமும் கேட்கவில்லை, தரிசனமும் காணவில்லை. என் சொந்த வாக்கியம் ஒன்றுதான் திரும்பத் திரும்ப வந்தது. நீங்களும் எழுதிக் கேளுங்களேன். நான் வேறு ஜெபம் சொல்லப் பார்த்தேன். அதுவே வந்து குறுக்கே நின்றது. அதுதான் எனக்குக் கிடைத்த பதில் என்று புரிய ஒரு நாள் முழுவதும் ஆனது.

மறுநாள் மலைத் தண்ணீர் வந்து விழும் பீலியில் ராசம்மா அக்கா தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார். சுற்றிலும் நாலைந்து பெண்கள். நான் குடத்தோடு போய்ப் பக்கத்தில் நின்றேன்.

“என்ன டீச்சரம்மா, இந்தப் பக்கம்? காயிதம் தீந்து போச்சா?” என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

“அக்கா, அன்னைக்கு நான் ஒங்கள நோகடிக்கணும்னேதான் அப்படிச் சொன்னேன். மன்னிச்சிருங்க.”

சிரிப்பு நின்றுவிட்டது. அவர் குடம் நிரம்பி வழிந்தது, அதை அவர் கவனிக்கவில்லை.

“எங்க குசினிய ஒங்க பக்கம் நீட்டிருவோம்க்கா. ரெண்டு வீட்டு அடுப்பும் வெளிய போயிரும். ஒங்களுக்காக நான் எழுதுறேன்.”

“எங்க புள்ள சளிக்கு நானும் ஒரு வருசமா மாரியாத்தாளுக்கு நேந்துக்கிட்டுத்தான் கெடக்கேன்” என்றார் மெதுவாக. பிறகு குரல் பழையபடி ஏறியது. “நீ எழுது. ஆனா கைநாட்டு வைக்கச் சொல்லாத. எம் பேர நாந்தான் போடுவேன். சொல்லிக்குடு!”

நான்கு நாளில் தன் பெயரைப் பழகிக்கொண்டார். ‘ரா’வின் கால் மட்டும் ஒவ்வொரு முறையும் எங்கோ போய் நிற்கும். அந்த மனுவை அவரே ஆபீசுக்குக் கொண்டுபோனார். ஒரு கிழமைக்குள் அனுமதி வந்தது.

நாங்கள் அவ்வளவு பாடுபட்டுப் பூசிய புதுக் குசினியின் பக்கச் சுவரை இடிக்க வேண்டியிருந்தது. அப்பாவே இடித்தார். ராசம்மா அக்காவின் கணவர் மலையிலிருந்து மானாப்புல் அறுத்து வந்து அவர்கள் பக்கத்துக்குக் கூரை வேய்ந்தார். பாதி தகரம், பாதி புல், நடுவில் சுவர் இல்லாத ஒரு நீளக் குசினி. இரண்டு அடுப்பு. கூரைத் தண்ணீர் யார் பக்கம் விழுகிறது என்று அதன் பிறகு யாரும் கேட்கவில்லை.

அம்மாவின் இழுப்பு ஒரே நாளில் போய்விட்டது என்று நான் சொல்ல மாட்டேன். முதலில் குறைந்தது. மூன்றாவது காம்பராவிலிருந்து இன்னும் கொஞ்சம் புகை வந்துகொண்டுதான் இருந்தது. அடுத்த மாதம் அந்த வீட்டுக்காரர் தாமே வந்து, “எங்களையும் சேத்துக்குங்க” என்றார். பிறகு நான்காவது வீடு. மார்கழி வந்தது, பனி கொட்டியது, தண்ணீர் கையை வெட்டியது. அம்மா படுத்தாள், தூங்கினாள், எழுந்தாள். இயேசு பிறந்த நத்தார் நாள் ஆராதனைக்கு மலைப் பாதையில் எங்கும் உட்காராமல் நடந்து வந்தாள். கோயில் வாசலில் நின்று, “மூச்சு வாங்கல புள்ள” என்று என் காதில் சொன்னாள். தை மாதம் டாக்டர் நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டுவிட்டு, “என்ன செய்தீங்க?” என்று என்னிடம் கேட்டார்.

“நாலு வீட்டுக்குக் குசினி கட்டினோம் டாக்டர்” என்றேன்.

இது நடந்து ஆறு வருடமாகிறது. அம்மா இன்றும் இருக்கிறாள். நான் பண்டாரவளையில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆசிரியையாக இருக்கிறேன். விடுதி அறையில் எனக்குத் தனிக் கட்டில், கூரை வரை போகும் சுவர். ஆனாலும் இரண்டு வீட்டு ரொட்டி வாசனையும் ராசம்மா அக்காவின் அதட்டலும் இல்லாமல் விடியும் காலை எனக்கு இன்னும் பழகவில்லை.

அன்பானவர்களே, நீங்களும் ஆண்டவரிடம் கேளுங்கள். சிறியதாக இருந்தாலும் கேளுங்கள், ஒரு குசினியானாலும் கேளுங்கள். அவர் கொடுப்பார். கொடுத்தும் குறை தீரவில்லை என்றால் அவரை விட்டு எழுந்து போகாதீர்கள். இன்னும் கொஞ்சம் முழங்காலில் இருங்கள். நீங்கள் போய்ப் பேச வேண்டிய ஆள் யாரென்று அவர் காட்டுவார். போய்ப் பேசுங்கள். எனக்கு அதுதான் உபவாசத்தை விடக் கடினமாக இருந்தது.

போன சனிக்கிழமை தோட்டத்துக்குப் போனேன். கீழ் லயத்தில் ஒரு தகப்பனுக்கு இதே இழுப்பு. அவருக்கும் அடுத்த காம்பராக்காரருக்கும் ஒரு கோழி விஷயத்தில் இரண்டு வருடமாகப் பேச்சு இல்லை. நான் முதலில் அந்த அடுத்த காம்பராவின் கதவைத்தான் தட்டினேன். மனு ஆபீசுக்குப் போய்விட்டது. இரண்டு வீட்டார் பெயரும் ஒரே தாளில் இருக்கிறது.