இருபத்து மூன்றில் இருபது

டெல்லியில் லீலாவதி டீச்சர் கணக்கு நடத்திய தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் நாலு அறைகளும் இரண்டு கூடாரங்களும் இருந்தன. ஆர்.கே.புரம் அரசாங்கக் குவார்ட்டர்ஸ் பிள்ளைகளும், முனிர்காவுக்குப் பின்னால் ஜுக்கிக் குடிசைகளில் குடியிருந்த கட்டட வேலைக்காரர்களின் பிள்ளைகளும் அங்கே ஒன்றாகப் படித்தார்கள். முதல் வகைக்கு ஆங்கிலம் சரளம், தமிழ்தான் தடுமாறும். இரண்டாவது வகைக்கு மனக்கணக்கு பறக்கும், ஆங்கிலப் புத்தகத்தைத் திறந்தால் தலை தானாகக் குனிந்துவிடும்.

வாசல் பலகையில் ஒவ்வொரு வருடத்துக்கும் எதிரே நூறு சதவீதம் என்று எழுதியிருக்கும். அந்த நூறு எப்படி வருகிறது என்பது ஊருக்கே தெரியும். தேறாது என்று தோன்றுகிறவர்களைப் பரீட்சைக்கு அனுப்புவதே இல்லை.

எழுபத்தாறாம் வருடம் தலைமையாசிரியர் பாலசுப்ரமணியத்துக்குக் கவலை அதிகம். புதுத் திட்டத்தில் பத்தாம் வகுப்புக்கு முதல் பொதுப் பரீட்சை வரப்போகிறது. கணக்கிலிருந்து யாரும் தப்ப முடியாது. இருபத்து மூன்று பேரில் ஜுக்கிப் பிள்ளைகள் ஒன்பது பேர், தீபாவளிக்குப் பிறகு ஒருவர்கூட வகுப்புக்கு வரவில்லை.

"பேரை அடிச்சுடலாம்மா. நமக்கும் நல்லது, அவாளுக்கும் நல்லது" என்றார்.

"ஒரு வாரம் கொடுங்க சார். கூட்டிட்டு வர்றேன்" என்றாள் லீலாவதி.

அன்று மாலை இதைக் கேட்ட அக்கா அருக்காணி, ஊசியில் நூல் கோத்தபடியே, "அப்ப நானும் வர்றேன்" என்றாள். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள் அவள். தையல் மெஷினை மிதித்தே தங்கையை பி.எட். வரை கொண்டுவந்தாள். ரவிக்கையில் ஒரு தையல் கோணினாலும் பிரித்து மறுபடி தைப்பாள். தங்கை எடுத்த காரியம் கோணும் என்று மட்டும் அவள் ஒருநாளும் நினைத்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை இருவரும் போனார்கள். லீலாவதியின் கக்கத்தில் வருகைப் பதிவேடு, கையில் பேனா. ஜுக்கி முனையில் அவர்கள் தலை தெரிந்ததும் ஒருவன், "டீச்சர் வருது!" என்று கத்தினான். கயிற்றுக் கட்டில்களில் டீ குடித்துக்கொண்டிருந்த ஆண்கள் கிளாஸைப் போட்டுவிட்டு ஓடினார்கள். ஒரு நிமிடத்தில் தெருவில் ஆட்டுக்குட்டிகள்தான் மிச்சம்.

பவுனுவின் அம்மா சந்திரம்மாள் மட்டும் வாசலை அடைத்து நின்றாள். பவுனு வகுப்பிலேயே கணக்கில் கெட்டிக்காரி.

"எங்க வூட்ல ஆம்பளையே இல்ல. போயிட்டு வாம்மா."

அவளுக்குப் பின்னால், கட்டிலுக்கு அடியில், சிமெண்டு காய்ந்த இரண்டு பாதங்கள் நீட்டிக்கொண்டிருந்தன. அருக்காணி அதைப் பார்த்துவிட்டு உதட்டைக் கடித்தாள். அவளுக்கு அப்போதுதான் விளங்கியது. எமர்ஜென்சி நடந்த அந்த வருடம் ஒவ்வொரு ஆசிரியரும் குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷனுக்கு இத்தனை ஆள் பிடித்துத் தர வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு. பள்ளியில் அப்பா பெயரும் வயதும் கேட்டார்கள் என்று பிள்ளைகள் வந்து சொன்ன நாளிலிருந்து, யாரும் பிள்ளைகளை அனுப்பவில்லை.

லீலாவதியும் அந்தப் பாதங்களைப் பார்த்தாள். பேனாவை மூடிப் பைக்குள் போட்டாள்.

"சரிங்க, பவுனுக்கு அப்பாவே இல்லைன்னு வெச்சுக்கறேன். அவர் எனக்கு எதுக்கு? இந்த வயசுல அவருக்கு அல்ஜீப்ரா ஏறுமா? எனக்குப் பவுனு வேணும்."

கட்டில் லேசாகக் குலுங்கியது.

சந்திரம்மாள் அசையவில்லை. "பசப்பாத. பொண்ண அனுப்புனா அந்தாளு பேரு தானா வந்துடும்."

அருக்காணிக்குப் பொறுக்கவில்லை. "ஏனுங், ஆள் புடிச்சுத் தர மாட்டேன்னு சொன்னதுக்கு என்ற தங்கச்சிக்கு ரெண்டு மாசமா சம்பளமே கிடையாது. என்ற மெசின்லதான் ரெண்டு பேரும் கஞ்சி குடிக்கறோம். இவளா புடிச்சுக் குடுக்கப் போறா?"

"அக்கா, சும்மா இரு."

"நீ சும்மா இரு புள்ள."

சந்திரம்மாள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு உள்ளே திரும்பி, "எந்திரிச்சு வாய்யா, தலையில ஒட்டடை" என்றாள். பவுனுவின் அப்பா ஏகாம்பரம் வெளியே வந்து, டீச்சருக்குக் கும்பிடு போட்டுவிட்டு, அதே கட்டிலை அவர்கள் உட்காருவதற்காக இழுத்துப் போட்டான்.

விஷயம் ஜுக்கி முழுக்கப் பரவ, திங்கட்கிழமை ஒன்பது பேரும் வந்தார்கள். லீலாவதி குவார்ட்டர்ஸ் பிள்ளை ஒருவர், ஜுக்கிப் பிள்ளை ஒருவர் என்று கலந்து உட்கார வைத்தாள். இவர்கள் அவர்களுக்கு ஆங்கிலம் சொன்னார்கள், அவர்கள் இவர்களுக்கு மனக்கணக்கு போடச் சொல்லிக் கொடுத்தார்கள். குளிரில் கூடாரத் துணி படபடக்க, பள்ளி விட்ட பிறகும் வகுப்பு நடந்தது.

டிசம்பரில் தலைமையாசிரியர் மறுபடி ஆரம்பித்தார். "நாலு பேரையாவது நிறுத்தி வைங்கோ. நூறு போயிடும்."

"போகட்டும் சார். பரீட்சை எழுதறது பிள்ளைங்கதான், பலகை இல்லை."

இருபத்து மூன்று பேரும் எழுதினார்கள். குவார்ட்டர்ஸில் ஒரு பையனும் ஜுக்கியில் இருவரும் தவறினார்கள். பவுனு கணக்கில் வகுப்பிலேயே முதல்.

வாசல் பலகையில் அந்த வருடத்துக்கு எதிரே இடத்தைக் காலியாக விடலாம் என்று தலைமையாசிரியர் நினைத்தார். பெயின்டர் தூரிகையோடு காத்திருந்தபோது லீலாவதி பக்கத்தில் போய் நின்று, "இருபத்து மூன்றில் இருபதுன்னு எழுதுங்க. நல்லாப் பெரிசா" என்றாள். தலைமையாசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், தடுக்கவில்லை.

வேலைக்குப் போகும் வழியில் ஏகாம்பரம் அந்தப் பலகை முன்னால் கூட்டாளிகளை நிறுத்துவான். படிக்கத் தெரியாது. ஆனாலும் மற்ற வரிகளைப் போல இல்லாத அந்த ஒரு வரியில் சரியாக விரலை வைப்பான்.

"இதுல என் பொண்ணு கீறா."

தைத்த துணியைக் கொடுக்கப் போகும்போதெல்லாம் அருக்காணியும் அந்தப் பக்கமாகத்தான் சுற்றிக்கொண்டு போவாள்.