இரண்டு பேருக்கான அனுமதி

என் அண்ணன் மோகனராஜுக்கு ஒரு நோய் உண்டு. வேனில் ஒரு இருக்கை காலியாக இருந்தால் அவருக்கு மனசு கேட்காது.

இருபத்தெட்டு வருடம் தொழிற்சாலை வேன் ஓட்டியவர். கெலுகோரில் விடியுமுன் கிளம்பி, அடுக்குமாடிகளின் கீழே காத்திருக்கும் பெண்களை ஏற்றிக்கொண்டு, கடல் பாலம் கடந்து அக்கரையில் இருக்கும் பிறையில் இறக்கிவிடுவார். வழியில் யார் கை காட்டினாலும் வண்டி நிற்கும். காலி சீட்டோடு பாலம் ஏறுவது பாவம் என்பது அவருடைய வேதம். எத்தனையோ பெண்கள் வேலையைத் தக்கவைத்துக்கொண்டதற்கு அந்த வேன் ஒரு காரணம், மறுக்கவில்லை. ஆனால் என் அண்ணி நவமணி ஒரு தீபாவளிக்குக்கூடப் புருஷனோடு தனியாகக் கோயிலுக்குப் போனதில்லை. எப்போது ஏறினாலும் பின்னால் நாலு பேர் உட்கார்ந்திருப்பார்கள்.

போன வருடம் அண்ணன் வேலையை விட்டார். வேனை விற்காமல், தங்கிச் சமைத்துத் தூங்குகிற மாதிரி கேம்பர் வேனாக மாற்றினார். பின் இருக்கைகளைக் கழற்றிவிட்டு, பலகைக் கட்டில், கேஸ் அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, வெயிலுக்கு இழுத்து விரிக்கும் படுதா எல்லாம் வைத்தார். பொய் சொல்லக் கூடாது, அழகாகத்தான் இருந்தது. அண்ணி கேட்டது ஒன்றே ஒன்று.

"ரெண்டே ரெண்டு நாள். நீங்களும் நானும் மட்டும். வேற ஒருத்தரையும் ஏத்தக் கூடாது. சரியா?"

"சரிலா, சத்தியமா" என்று தன் தலைமேல் கை வைத்திருக்கிறார். ஆனால் நடுவில் இருந்த ஒரு வரிசை இருக்கையை மட்டும் கழற்றவில்லை. அவசரத்துக்கு இருக்கட்டும் என்றாராம். அப்போதே அண்ணி உஷாராகியிருக்க வேண்டும்.

தெலுக் பாஹாங் பக்கத்து வனப் பூங்காவில், ஆற்றோரமாக வண்டியை நிறுத்தித் தங்க இரண்டு பேருக்கு அனுமதி வாங்கினார்கள். சனிக்கிழமை காலை கிளம்பும்போது, கீழ் மாடி விநாசித்தம்பி ஐயா எதிரே வந்திருக்கிறார்.

"என்ன தம்பி, எங்க வெளிக்கிட்டாச்சு?"

"சும்மா பார்க்குக்குத்தான் ஐயா. வரீங்களா?"

இந்த "வரீங்களா" இருக்கிறதே, அதற்கு என் அண்ணன் வாயைத் தைத்தால்தான் சரிப்படும். ஐயா மனைவி யோகம்மாவையும் கூட்டிக்கொண்டு, சுடுதண்ணீர் ஃபிளாஸ்கோடு ஏறிவிட்டார். அடுத்து ஜெலுத்தோங்கில் என் வீட்டு முன்னால் ஹார்ன் சத்தம். எனக்கென்ன தெரியும், சமைத்து வைத்த நண்டுக் கறியைச் சட்டியோடு தூக்கிக்கொண்டு நானும் ஏறினேன். பத்து ஃபெரிங்கி கடற்கரைச் சாலையில் அவருடைய பழைய பயணி காமாரியா பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தார். சொல்ல வேண்டுமா, வண்டி ஓரம் கட்டியது. இருக்கையில் இடமில்லை என்று அவரைக் கட்டிலிலேயே உட்கார வைத்தார், அண்ணி அந்தப் பயணத்துக்கென்றே வாங்கிய புது விரிப்பின் மேல்.

முன்னால் இருந்த அண்ணி ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தார். என்ன அண்ணி ஒரு மாதிரி இருக்கீங்க என்று நான் துருவிக் கேட்டபிறகுதான், அந்த இரண்டு நாள் கதையைத் தணிந்த குரலில் சொன்னார். எனக்கு ஓடுகிற வண்டியிலிருந்து குதித்துவிடலாம் போல் இருந்தது.

"அண்ணே, எங்கள இங்கயே எறக்கி விடுங்கண்ணே. பஸ் புடிச்சிப் போயிக்கிறோம்."

"இவ்ளோ தூரம் வந்தாச்சு காமினி, இப்ப போயி..." என்று அண்ணன் கியரை மாற்றினார்.

பூங்கா வாசலில் சித்தி ஹாஜரா என்ற பெண் காவலர் அனுமதிச் சீட்டைப் பார்த்தார். பிறகு வேனுக்குள் எட்டிப் பார்த்தார். இரண்டு பேருக்குத்தானே அனுமதி, ஆறு பேர் இருக்கிறீர்களே என்று மலாயில் கேட்டார். நாலு பேர் திரும்பிப் போக வேண்டும், இல்லையென்றால் இங்கேயே பெயர் சேர்க்க வேண்டும் என்றார்.

கடவுளே கொண்டுவந்து கையில் கொடுத்த சந்தர்ப்பம்! நான் அதற்குள் நண்டுச் சட்டியைத் தூக்கிவிட்டேன். யோகம்மாகூடச் செருப்பைத் தேடினார். அண்ணி முதல்முறையாக ஜன்னலிலிருந்து திரும்பி அண்ணனைப் பார்த்தார்.

"சேத்துக்குங்க காக்" என்று அக்கா முறை வைத்து மலாயில் சொன்னார் அண்ணன், பல்லெல்லாம் தெரிய. "எல்லாரும் நம்ம ஆளுங்கதான்."

சித்தி ஹாஜரா பேனாவை எடுத்தார். அண்ணி கதவைத் திறந்து இறங்கி, தன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டார்.

"ஆறு வேணாம். அஞ்சுன்னு எழுதுங்க" என்று அவரிடம் நிதானமாகச் சொல்லிவிட்டு, பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடந்தார்.

நான் பின்னால் ஓடினேன். "நீ என்னம்மா செஞ்ச, போயி சாப்பிடு" என்று என் கையை விலக்கினார். திரும்பி வந்தால், அண்ணன் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி "எங்க போவா, வந்துருவா" என்கிறார். பின்னால் நின்ற கார்கள் ஹார்ன் அடித்ததும் வண்டியை உள்ளே விட்டார். நானும் ஏறிக்கொண்டேன். அதற்கு என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம்.

ஆறு தெளிவாக ஓடியது. விநாசித்தம்பி ஐயா தண்ணீரில் காலை விட்டுக்கொண்டு தேவாரம் பாடினார். காமாரியாவின் ரொட்டியைக் குரங்கு பிடுங்கிக்கொண்டு ஓடியது, எல்லோரும் சிரித்தார்கள். அண்ணன் மட்டும் வாசல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். நாலு மணிக்குப் போன் செய்தார், எனக்கும் கேட்கிற மாதிரி.

"வீட்டுக்குப் போயிட்டியா நவமணி?"

"ம். குளிச்சி, சாப்பிட்டு, ஒரு தூக்கமும் போட்டாச்சி."

"இவங்கள இப்பவே கொண்டுபோயி விட்டுட்டு, ஒன்ன வந்து கூப்பிடவா?"

"வேணாங்க. நான் கேட்ட ரெண்டு நாள் எனக்குக் கெடைச்சிருச்சி. நீங்கதான் இல்ல. பரவால்ல, இதுவும் நல்லாத்தான் இருக்கு. அவங்களுக்கு டீ போட்டுக் குடுங்க."

அண்ணன் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "கோவம். நாளைக்கு ஆறிடும்" என்றார் என்னிடம்.

கோபமாக இருந்திருந்தால் எனக்கும் நிம்மதியாக இருந்திருக்கும். அண்ணியின் குரலில் கோபமே இல்லை.