முக்காடு நிற்கும் அளவு

எழுபது வயதுவரை என் தலையில் கத்திரி பட்டதில்லை. விழுந்து வலது கையைத் தூக்க முடியாமல் போனபின், தினமும் தலைசீவிக் கொண்டை போட மருமகளிடம் தலையைக் கொடுத்து உட்கார மனம் வரவில்லை. முடியைக் குறைத்துவிடலாம் என்று தனியாகவே பஸ் ஏறி மார்த்தாண்டத்தில் ஒரு பார்லருக்குப் போனேன்.

அங்கிருந்த பெண் படப் புத்தகத்தை நீட்டி, "எந்த கட்டிங்மா?" என்றாள். படங்களில் முகம்தான் தெரிந்தது. பின்னால் முடி எவ்வளவு நிற்கும் என்பதெல்லாம் கீழே இங்கிலீஷில் இருந்தது. நான் தமிழையே எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன். அதைச் சொல்ல மானக்கேடாக இருந்தது. "இதுதான்" என்று ஒரு படத்தைத் தொட்டேன்.

அவள் என் கொண்டையை அவிழ்த்து, காதுக்குப் பக்கத்தில் கத்திரியைக் கொண்டுவந்தாள். குளிர்ந்த இரும்பு பட்டதும் எனக்கு உடம்பெல்லாம் நடுங்கியது. கொண்டை இல்லாமல் ஞாயிற்றுக்கிழமை கோயிலில் முக்காடு எப்படி நிற்கும்? ஜெபத்தின் நடுவே, அத்தனை பேர் முன்னால் நழுவி விழுமே!

"மக்கா, நில்லு! எனக்கு அத வாசிக்கத் தெரியாது."

கத்திரி நின்றது. "அதுக்கா இப்பிடி விறைக்கிய? அந்தப் பேரெல்லாம் எனக்கே வாயில நுழையாது. உங்களுக்கு எப்பிடி வேணும்? அதச் சொல்லுங்க."

"கோயில்ல முக்காடு நிக்கணும். ஒத்தக் கையால கிளிப்பு போடணும்."

அவள் என் முந்தானையைத் தலையில் போட்டுப் பார்த்து, அது நிற்கும் அளவுக்கு முடியை விட்டு வெட்டினாள்.

கத்திரிக்குப் பயந்தேன் என்றுதான் வீட்டில் சொல்லியிருக்கிறேன். தெரியாது என்று சொல்லத்தான் பயந்தேன் என்பதை இன்னும் சொல்லவில்லை.