அடைக்கக் கூடாத ஓட்டை

எங்கள் வீட்டில் மீன் கிடையாது. சமைப்பதும் கிடையாது, தின்பதும் கிடையாது. தெருவில் மீன் விற்கிறவர் குரல் கேட்டால் அம்மா எழுந்துபோய் வாசல் கதவைச் சாத்துவாள். அந்த வீட்டில் பிறந்த நான்தான் விலங்கியல் படித்துவிட்டு, ஜூனில் இடவப்பாதி மழை தொடங்கினால் ஆற்று மீன்களைப் பிடித்து, அளந்து, திரும்ப ஆற்றிலேயே விடுகிற வேலைக்குப் போகிறேன். மழைக்காலம் முடிந்தால் வேலையும் முடியும். மறுவருஷம் மறுபடி கூப்பிடுவார்கள். "புள்ள என்ன செய்யுகா?" என்று உறவுக்காரர்கள் கேட்டால் அப்பா, "ஆத்துல ஏதோ ஆராய்ச்சி" என்று மழுப்புவார். மீன் என்ற சொல் மட்டும் அவர் வாயில் வராது. எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

மீனை அளப்பதற்கு முன் கிராம்பு எண்ணெய் சொட்டிய தண்ணீரில் விட்டு மயங்க வைப்போம். அப்போதுதான் துள்ளி அடிபடாது. நீளம் பார்த்து, வயிற்றை மெல்ல வருடிச் சினை உண்டா என்று பார்த்து, நல்ல தண்ணீரில் தெளிய வைத்து, பிடித்த இடத்திலேயே விடவேண்டும். மாலையில் பஸ்ஸில் பக்கத்து சீட்டில் இருப்பவர்கள் என் கை வாசனையை முகர்ந்து, "பல்லு வலியாக்கும்?" என்று அனுதாபத்தோடு கேட்பார்கள். ஆமாம் என்றுவிடுவேன். மீனுக்கு மயக்கமருந்து கொடுத்த கதையைத் தோவாளையில் ஆரம்பித்தால் நாகர்கோவில் வந்தாலும் முடியாது.

போன மழைக்கு எங்கள் ஊர் ஓடையிலேயே வேலை வந்தது. வயலுக்குத் தண்ணீர் திருப்புவதற்காகக் கட்டிய சின்னத் தடுப்பணை அங்கே உண்டு. புதுவெள்ளத்தில் முட்டையிட மேலே ஏறிப்போகும் மீன்கள் அந்தச் சுவரில் முட்டிக்கொண்டு நின்றுவிடும். கீழே சாக்கும் வலையுமாக ஆட்கள் காத்திருப்பார்கள். அதனால் சுவரின் ஓரத்தில் ஒரு வாய் திறந்து, அதிலிருந்து கீழே வரை கல் அடுக்கிச் சரிவு அமைத்தோம். விவசாயிகள் சங்கத் தலைவர் வேண்டாவெறுப்பாகத்தான் சம்மதித்தார்.

"இந்த மழைக்கு மீனு ஏறினா இருக்கட்டும். ஏறல்லன்னா சிமென்டு வச்சு அடச்சிருவோம். கன்னிப்பூ பயிருக்கு உள்ள தண்ணியாக்கும் அது, பாத்துக்க."

இங்கேதான் வைக்கவேண்டும் என்று அடம்பிடித்து இடம் காட்டியவள் நான். மீன் ஏறாவிட்டால் சொந்த ஊரில் தலைகாட்ட முடியாது.

ஆனால் மீனுக்கு முன்னால் மனிதர்கள் வந்தார்கள். நாஞ்சில் நாட்டு வயல்காரர்களுக்கு ஒரு கை உண்டு. எங்கேயாவது தண்ணீர் ஒழுகினால் அது யாருடைய வயல் என்று பார்க்காது. குனிந்து, புல்லோடு ஒரு கட்டி மண்ணைப் பெயர்த்து, ஓட்டையில் வைத்து மிதித்துவிட்டுத்தான் மேலே நடக்கும். வாய் அதுபாட்டுக்குப் பேசிக்கொண்டே இருக்கும். காலையில் நான் திறந்து வைப்பேன், சாயங்காலம் அடைந்து கிடக்கும். ஒருவருக்கும் என்மேல் விரோதம் கிடையாது, அதுதான் கூடுதல் எரிச்சல். 'அடைக்காதீர்கள்' என்று பலகை எழுதி நட்டேன். பலகையைப் படித்துவிட்டு, பலகை நட்ட மண்ணையே எடுத்து அடைத்தார்கள்.

வானம் பொத்துக்கொண்டு மழை பெய்த ஒரு நாள், மேலே இன்னோர் இடத்தில் வலையைப் பார்த்துவிட்டு நான் அணைக்கு ஓடிவந்தேன். எங்கள் வயலைப் பார்க்க வந்த அப்பா அணைமேல் மண்வெட்டியோடு நின்றுகொண்டிருந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"மக்கா, இங்க பெரிய ஓட்டயா கெடந்துது. நல்லவேள நான் வந்தேன். கல்லும் மண்ணும் வச்சு ஒரு சொட்டு போகாம அடச்சிட்டேன்."

வீட்டில் நான் மீன் பேச்சை எடுத்தால் எழுந்து போய்விடுகிற மனிதருக்கு அது என்ன ஓட்டை என்று எப்படித் தெரியும்? கீழே எட்டிப் பார்த்தேன். கலங்கல் தண்ணீரில் கெண்டைகள் சுவரில் மோதி விழுந்தன, திரும்பவும் மோதின. எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது.

"அப்பா, அது ஓட்ட இல்ல! மீனு ஏறுகதுக்கு உள்ள வழி!"

அவர் மண்வெட்டியைக் கீழே போட்டார். தண்ணீரில் இறங்கி, தானே வைத்த கல்லைத் தானே பிடுங்கினார். நானும் கூட இழுத்தேன். தண்ணீர் சரிவில் பாய்ந்தது. கொஞ்ச நேரம் ஒன்றுமே வரவில்லை. பிறகு ஒரு கெண்டை கல்லிடுக்கில் வாலை அடித்து ஏறியது, சறுக்கியது, இன்னொரு மூச்சில் மேலே வந்துவிட்டது. அதன் பின்னால் கூட்டமாக மற்றவை.

மேல் வாயில் வலைப்பெட்டியை வைத்து முதல் மீனை எடுத்தேன். வயிறு பானைபோல் இருந்தது.

"வயித்துல என்னது?" என்றார் அப்பா.

"சினை. முட்டையிடப் போகுது."

அவர் முகம் மாறிவிட்டது. "புள்ளத்தாச்சியவா நான் மறிச்சேன்?"

அந்த நேரம் பார்த்து ஒரு மீன் சரிவிலிருந்து எகிறி, கரைக்கல்லில் விழுந்து துடித்தது. என் இரண்டு கையும் வலைக்குள். "அப்பா, அத எடுங்க!" என்று கத்திய பிறகுதான் யாரிடம் சொல்கிறேன் என்பதே உறைத்தது. அப்பா தன் கைகளை ஒருமுறை பார்த்துக்கொண்டார். பிறகு குனிந்து, இரண்டு கையாலும் அதை ஏந்தி, மேல் தண்ணீரில் இறக்கிவிட்டார். அது போவதைப் பார்த்தபடி நின்றார். படித்துப் பட்டம் வாங்கிய நாளில்கூட என்னைப் பற்றி எனக்கு அவ்வளவு பெருமை இருந்ததில்லை. அப்பாவைப் பற்றி அதைவிட.

சங்கத் தலைவர் குடையோடு வரப்பில் வந்தார். அப்பாவுக்கு இளையவர். "என்ன அண்ணாச்சி, இவ்வளவு தண்ணி வீணா போகுது, பாத்துட்டு நிக்கிய?" என்று கேட்டுக்கொண்டே குனிந்தார். கை பழக்கத்தில் மண்கட்டியைப் பெயர்த்துவிட்டது.

"ஏலே, மண்ணக் கீழ போடு" என்றார் அப்பா. "ஓட்ட இல்ல அது. எனக்க மவ மீனுக்கு வச்ச வழியாக்கும்."