சராசரியை இழுத்த பை

போடியிலிருந்து நாங்கள் பெண்கள் தினமும் ஜீப்பில் மலையேறி ஏலக்காய் எடுக்கப் போன காலத்தில், அந்தத் தோட்டத்தில் ஒரு கணக்கர் இருந்தார். ஒல்லியான ஆள். எதையும் பேசுவதற்கு முன்னால் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைப்பார்.

ஒருநாள் மானேஜர் கத்தினார்: "முக்காவாசிப் பேரு எடுத்த காய் சராசரிக்குக் கீழ! நாளைக்கும் இப்படின்னா ஜீப்புல ஏற வேணாம்."

கணக்கர் கண்ணாடியைத் துடைத்தார். எடை போட்ட பைகளோடு எங்களைக் களத்தில் நிற்கச் சொன்னார். குறைந்த எடை இந்தப் பக்கம், கூடுதல் எடை அந்தப் பக்கம், ஒரே எடைக்காரர்கள் ஒருவர் பின் ஒருவராக. இந்தப் பக்கம் கூட்டம் நெருக்கியடித்தது. போகப்போக ஆள் குறைந்து, நடுவில் காலி இடம் விட்டு, கடைசி முனையில் நான் மட்டும் நின்றேன்.

"கூட்டம் எங்க நிக்குது பாருங்க சார். அங்க தள்ளி நிக்கிற ஒரு பைதான் சராசரியத் தன் பக்கம் இழுத்துருச்சு. இவுக யாரும் சோம்பேறி இல்ல."

மானேஜர் திரும்பிப் போய்விட்டார். ஆனால் பெண்கள் எல்லோரும் என்னையே முறைத்தார்கள். கணக்கர் அந்தக் காலி இடத்தைக் கடந்து என் பக்கத்தில் வந்து நின்றார்.

"நீயும் தப்புப் பண்ணல ஆத்தா."

கூட்டம் ஒரு பக்கம் குவிந்து, ஓரிருவர் மட்டும் தள்ளி நிற்கும் இந்தச் சாய்வுக்குப் புள்ளியியலில் கோட்டம் என்று பெயராம். கல்லூரியில் படிக்கும் மகள் சொன்னாள். எனக்கு மறக்காதது, ஒரு காய்கூட எடுக்காத அந்த மனிதர் அதிக எடை முனையில் எனக்குத் துணையாக வந்து நின்றதுதான்.