மைனர் மாசமா இருக்கா

எங்க முயல் மைனருக்குத் தலைப்பிரசவம். மெத்தை போட வைக்கோல் வேணும்னு, மைனரையும் இன்னொரு முயலையும் வாங்கின மாப்பிள்ளையூரணி கடைக்கே இன்னைக்குப் போனேன்.

விஷயத்தைச் சொன்னதும் அண்ணாச்சி சிரிச்சிட்டார். "ஏம்மா, ரெண்டும் ஆணுன்னு நான்தான பாத்துத் தந்தேன்? தின்னு கொழுத்திருக்கும்."

வைக்கோலைக் கொண்டுவந்து, ஹார்பர்ல இருந்து வந்த மரப்பெட்டியில விரிச்சேன். கொஞ்ச நேரத்துல மைனர் தன் நெஞ்சு முடியை வாயாலேயே பிடுங்கி அதுமேல பரப்புதா! குட்டி போடப்போற தாய் முயல்தான் இப்படிச் செய்யும்.

வீடியோ எடுத்துட்டு நேரா கடைக்கு. நாலு பேர் நிக்கையிலதான் காட்டினேன். அண்ணாச்சி கண்ணாடியை மாட்டி ரெண்டு தடவை பாத்தார்.

"குட்டி போட்டா எனக்கு ரெண்டு தாரியாம்மா?"

"தாரேன் அண்ணாச்சி. ஆணா பெண்ணான்னு மட்டும் நான் பாத்துச் சொல்லுதேன்."

இத்தனை நாளா மைனர்னு கூப்பிட்டவளுக்கு இனி என்ன பேரு வைக்க, சொல்லுங்க மக்களே!