நாலு தலைக்குச் சாம்பார்

நைனா ஐந்நூறு பேருக்குச் சாம்பார் வைப்பார். நாலு பேருக்கு வைக்கத் தெரியாது. கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனி கேண்டீனுக்கு அவர்தான் மாஸ்டர். விடியுமுன் போனால் மதியத்துக்கு மேல் திரும்புவார். வீட்டு அடுப்படிப் பக்கம் தண்ணீர் குடிக்கக்கூட வரமாட்டார். கேண்டீனில் வெந்தது போதாதா என்பது அவர் கட்சி.

நான் நான்காவது படிக்கும்போது அம்மாவுக்கு வேறொரு கம்பெனியில் வேலை கிடைத்தது. காலையில் பஸ் வந்து கூட்டிப் போகும். இரவு எட்டு மணிவாக்கில் தெருமுனையில் இறக்கிவிடும். பக்கத்துத் தெருவில் இருந்த அத்தைக்கு, அதாவது நைனாவின் அக்காவுக்கு, இது பிடிக்கவில்லை.

"பசங்க ராவுல பன்னும் பிஸ்கோத்தும் துன்னுகினு கெடக்கவா? ஒரு மாசம் பாப்பேன். ஒழுங்கா சோறு ஆக்கலன்னா, வேலைய உட்டுட்டு ஊட்ல குந்தச் சொல்லு" என்று நைனாவிடம் தீர்ப்புச் சொல்லிவிட்டாள். அத்தை சொல்லி அதுவரை எங்கள் வீட்டில் யாரும் மீறியதில்லை. அம்மா கம்பெனியில் கொடுத்த நீலச் சட்டையை மடித்துக்கொண்டிருந்தாள். அந்தச் சட்டையை அவள் எவ்வளவு ஆசையாக இஸ்திரி போடுவாள் என்பது எங்களுக்குத் தெரியும்.

அன்று சாயங்காலமே நைனா கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு அடுப்படிக்குள் நுழைந்தார்.

அவர் வைத்த முதல் சாம்பாரை எங்கள் லைன் வீடு முழுக்கச் சாப்பிட்டது. பக்கத்து அறை ஒடிசா அண்ணன்கள் குண்டான் நிறைய வாங்கிப் போனார்கள். உப்பைப் பிடி பிடியாக அள்ளிப் போட்டே பழகியவர், எங்கள் வீட்டு ஸ்பூனை விளையாட்டுச் சாமான்போலத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அடுப்பு பற்றவைக்குமுன் கேண்டீன் பழக்கத்தில், "இன்னிக்கு எத்தினி தலை?" என்று கேட்பார். நானும் தம்பியும் "நாலு!" என்று கத்துவோம். அம்மா வரும்வரை யாரும் தட்டைத் தொடக் கூடாது. தம்பி அப்பளத்தை முகர்ந்து பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பான்.

அம்மா வந்து கைகால் கழுவி எங்களோடு உட்காருவாள். "பசியா வந்துருப்ப, நல்லா துன்னு" என்று நைனா அவள் தட்டை நிரப்புவார். போட்டதையெல்லாம் அம்மா சாப்பிடுவாள். பட்டினி போட்டா வேலை வாங்குகிறார்கள் என்று எனக்கு ஆத்திரமாக வரும். என் அப்பளத்தில் பாதியை ஒடித்து அவள் தட்டில் வைப்பேன். அதையும் சாப்பிட்டுவிடுவாள்.

கெடு முடிகிற சமயத்தில் ஒருநாள், அத்தை சொல்லாமல் கொள்ளாமல் சாப்பாட்டு நேரத்துக்கு வந்து நின்றாள். அக்காவைக் கண்ட பதற்றத்தில் நைனாவுக்குப் பழைய கை திரும்பிவிட்டது. கொதிக்கிற குழம்பில் ஒரு பிடி உப்பு! அம்மா வந்ததும் உட்கார்ந்தோம், நைனா பரிமாறினார். முதல் வாயிலேயே தம்பிக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நீலச் சட்டை போச்சு என்று நினைத்தேன்.

அம்மா நிதானமாகப் பிசைந்து சாப்பிட்டாள். "கொழம்பு இன்னும் கொஞ்சம் ஊத்துங்க" என்றாள்.

நைனா கரண்டியும் கையுமாக அசையாமல் நின்றார். அத்தை ஒரு வாய் வைத்தாள். அம்மாவைப் பார்த்தாள், நைனாவைப் பார்த்தாள்.

"மோர் கீதா?"

இருந்தது. ஊற்றிப் பிசைந்து, தட்டைக் காலி செய்துவிட்டுத்தான் எழுந்தாள். வாசலில் செருப்பை மாட்டும்போது, "நாளைலேர்ந்து பாத்து உப்பு போடுடா. வவுறு கெட்டுப்போனா அவ எப்டி வேலைக்குப் போவா?" என்றாள்.

கெடுவைப் பற்றி அதன்பிறகு பேச்சே இல்லை. நைனாவின் ராத்திரிச் சமையல் இன்றும் நடக்கிறது. அளவும் ஒருவழியாக நாலு தலைக்கு இறங்கி வந்துவிட்டது.

இப்போது அம்மா வேலை பார்த்த அதே கம்பெனிக்கு நானும் போய் வருகிறேன். ஷிப்ட் முடிந்ததும் சுடச்சுட இரவுச் சாப்பாடு போட்டுத்தான் எங்களைப் பஸ் ஏற்றுகிறார்கள். விசாரித்தேன், அம்மா காலத்திலிருந்தே அப்படித்தானாம். கேண்டீன் மாஸ்டருக்கு இது தெரியாமலா இருந்திருக்கும்? சாப்பிட்டுவிட்டுத்தான் வருகிறாள் என்று தெரிந்தேதான் 'பசியா வந்துருப்ப' என்றிருக்கிறார்; அவர் சமைத்தது என்பதற்காகவே அவளும் தட்டை நீட்டியிருக்கிறாள். நினைத்தால் நெஞ்சு நிறைந்துவிடுகிறது. விவரம் தெரியாத நான் மட்டும், பாவம் பசியோடு வருகிறாளே என்று, என் பங்கு அப்பளத்தையும் ஒடித்து ஒடித்து அவள் தட்டில் வைத்துக்கொண்டிருந்தேன்.